அவசர சிகிச்சையில் பிள்ளைகளும் செயற்கை நுண்ணறிவும்: வன்னியிலிருந்து ஓர் எளிய விளக்கம்

ஒட்டுசுட்டானில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு மூன்று வயதில் ஒரு பேரன். சென்ற மாரியில் அவனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் இரவு, வெளிநாட்டில் இருக்கும் மகன் கைத்தொலைபேசியில் ஏற்றிக் கொடுத்திருந்த செயலியிடம் சின்னம்மா கேட்டிருக்கிறார்: "மூன்று வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல், என்ன செய்யலாம்?" அது நல்ல தமிழில் ஐந்து பந்தி எழுதிக் கொடுத்தது. நிறைய நீராகாரம் கொடுங்கள், ஓய்வெடுக்க விடுங்கள், காய்ச்சல் தொடர்ந்தால் மருத்துவரை அணுகுங்கள். எதிலும் பிழை இல்லை. விடிந்ததும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது, வாசலில் நின்ற தாதி பிள்ளையின் விரல் நகத்தை அழுத்திப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசியாக எத்தனை மணிக்குச் சலம் போனது?" சின்னம்மா யோசித்தார். முதல் நாள் பின்னேரம். அதற்குப் பிறகு தாதி வரிசையைப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பேரன் இப்போது கோழிகளைத் துரத்திக்கொண்டு திரிகிறான். சின்னம்மாவுக்குத்தான் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "தம்பி, இந்தச் செயற்கை நுண்ணறிவு ஆஸ்பத்திரிக்கும் வரப்போகிறது என்கிறார்களே, வந்தால் அது அந்தத் தாதியைப் போலக் கேட்குமா, என் போனைப் போலச் சொல்லுமா?"

இரண்டு விதமும் உண்டு. எந்த விதம் என்பது, அந்தக் கருவி எந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியது என்பதிலும், அதைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்கிறார் என்பதிலும் தங்கியிருக்கிறது. அதை விளக்குவதற்கு முன், பிள்ளைகளின் அவசர சிகிச்சை ஏன் தனி வித்தை என்று சொல்ல வேண்டும்.

பெரியவர் ஒருவரின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். பிறந்த குழந்தைக்கு 140 என்பது சாதாரணம். மூச்சும் அப்படித்தான். இருமலோடு வரும் பிள்ளைக்கு வேகமான மூச்சு என்று எதைச் சொல்வது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வயதுவாரியாக எல்லை வைத்திருக்கிறது: இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. பத்து மாதப் பிள்ளைக்கு 45 மூச்சு என்றால் பயமில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அதே 45 என்றால் உடனே கவனிக்க வேண்டும். மருந்து அளவோ நிறையைப் பொறுத்தது. ஒரே அறையில் மூன்று கிலோக் குழந்தையும் முப்பது கிலோச் சிறுமியும் இருந்தால், அளவில் பத்து மடங்கு வித்தியாசம். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இவற்றைவிட ஏமாற்றும் விடயம் ஒன்று இருக்கிறது. பிள்ளையின் உடல் கடைசி நேரம் வரை சமாளிக்கும். நீரிழப்போ கடும் கிருமித்தொற்றோ வந்தால் பெரியவருக்கு முன்கூட்டியே விழக்கூடிய குருதி அமுக்கம், பிள்ளைக்குக் கடைசியில்தான் விழும். அதுவரை இதயம் வேகமாக அடித்து, கைகால்களுக்குப் போகும் குருதியைக் குறைத்து, உள்ளுறுப்புகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். கைகால் சில்லிடுவதும் சலம் குறைவதும் அதனால்தான். நகத்தை அழுத்தி விட்டபின் சிவப்பு திரும்பி வர மூன்று விநாடிக்கு மேல் எடுத்தால் அதுவும் அதே சங்கதி. அந்தத் தாதி வாசலில் நின்றபடி பார்த்தது இதைத்தான். டெங்குவில் இன்னொரு பொறியும் உண்டு: காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று வீட்டில் நிம்மதிப்படும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும் காலம்.

சரி, செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன? மேலே சொன்ன 60, 50, 40 என்பது மனிதர் எழுதிய விதி. அதைக் கணினியில் போட்டால் கணினி எண்ணிச் சொல்லும். அதில் நுண்ணறிவு ஒன்றும் இல்லை. இன்று நாம் பேசும் வகையில் விதியை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நடந்து முடிந்தவற்றை ஆயிரக்கணக்கில் காட்டுகிறார்கள்: இந்தப் பிள்ளை இப்படி வந்தது, அதற்குக் கடைசியில் இப்படி ஆனது. எதோடு எது சேர்ந்து வருகிறது என்பதை இயந்திரம் தானாகத் தேடிப் பிடிக்கிறது.

முத்தையன்கட்டுக் குளத்துக் கட்டில் நின்று வடகிழக்கு வானத்தைப் பார்த்து, "இன்றைக்குப் பின்னேரம் மழை" என்று சொல்லும் கமக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வானிலைப் புத்தகம் படித்தவர் அல்லர். நாற்பது மாரி பார்த்தவர். அவர் சொல்வது பெரும்பாலும் பலிக்கும். ஆனால் அவரை நுவரெலியாவில் கொண்டுபோய் நிறுத்தி வானத்தைக் காட்டினால்? தரவிலிருந்து கற்கும் இயந்திரத்தின் பலமும் பலவீனமும் இதுதான். ஒரு வேறுபாடு: கமக்காரர் நுவரெலியாவில் "எனக்கு இந்த ஊர் தெரியாது" என்று சொல்லிவிடுவார்.

இந்தக் கற்றலுக்கு மிக எளிய, நல்ல உதாரணம் தலையில் அடிபட்ட பிள்ளைகளுக்கானது. சைக்கிள் கரியரிலிருந்து விழுந்த, மாமரத்திலிருந்து விழுந்த பிள்ளைகளைக் கொண்டு பெற்றோர் ஓடி வருகிறார்கள். மூளைக்குள் குருதி கசிந்திருக்கிறதா என்று பார்க்க சிடி ஸ்கான் எடுக்கலாம். ஆனால் அது கதிர்வீச்சு, சின்ன உடலுக்கு நல்லதல்ல. யாருக்கு ஸ்கான் தேவையில்லை? வட அமெரிக்காவில் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த 42,412 பிள்ளைகளின் விபரங்களைத் திரட்டிய ஆய்வு 2009 இல் வெளிவந்தது. அவர்களில் பாரதூரமான மூளைக்காயம் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கணினி அந்தப் பிள்ளைகளை ஒவ்வொரு கேள்வியாகப் போட்டுப் பிரித்துக்கொண்டே போய், மரக்கிளை போல ஒரு விதியை உருவாக்கியது. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆறு கேள்விகள் மிஞ்சின. நினைவு தெளிவாக இருக்கிறதா, மண்டையோடு முறிந்தது போலத் தட்டுப்படுகிறதா, நெற்றி தவிர்ந்த இடத்தில் வீக்கமா, ஐந்து விநாடிக்கு மேல் மயங்கியதா, அடிபட்ட விதம் கடுமையானதா. ஆறாவது: பெற்றோரின் பார்வையில் பிள்ளை வழமைபோல் நடந்துகொள்கிறதா?

எனக்கு இந்த ஆறாவது கேள்வி மிகவும் பிடித்தது. நாற்பதாயிரம் பிள்ளைகளின் கணக்கைச் சலித்தெடுத்த இயந்திரம், கடைசியில் தாயின் வாயைப் பார்க்கச் சொல்கிறது. "இவன் இப்படி இருக்கமாட்டான் டொக்டர்" என்று சொல்லும் அம்மாவை "பதற்றப்படாதீர்கள்" என்று ஓரம்கட்டுவது நம் ஊரில் சகஜம். அது வெறும் பதற்றம் அல்ல, தகவல் என்கிறது கணக்கு.

இந்த ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எவரும் சரிபார்க்கலாம். இப்போது வரும் பெரிய இயந்திரங்கள் அப்படி அல்ல. அவற்றின் உள்ளே இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான எண்கள் இருக்கின்றன. எந்த எண் எதற்காக என்பதைச் செய்தவரே விரல் வைத்துக் காட்ட முடியாது. முடிவு சரியா என்பதை விளைவுகளைப் பார்த்தே அறியலாம். அதனால்தான் யாரைப் பார்த்துப் பழகியது என்ற கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது.

அந்த ஆய்வு வெளிவந்த 2009 இல் வன்னிப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. செட்டிகுளம் முகாம்களுக்கு ஒற்றைப் பையோடு வந்து சேர்ந்தவர்களில் எத்தனை பேரிடம் பிள்ளையின் தடுப்பூசி அட்டை மிச்சம் இருந்தது? இயந்திரம் பழைய பதிவுகளைத் தின்று வளர்வது. பதிவே இல்லாத ஊர்ப் பிள்ளை அதற்குத் தெரியாத பிள்ளை.

இது செயற்கை நுண்ணறிவோடு தொடங்கிய நோய் அல்ல. அவசரத்தில் நிறை பார்க்க நேரமில்லாதபோது, பிள்ளையின் நீளத்தை வைத்தே நிறையை மதிப்பிட்டு மருந்தளவு சொல்லும் நிறப்பட்டை ஒன்றை அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் புரோஸ்லோ 1980களில் உருவாக்கினார். அருமையான யோசனை, எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் அந்தப் பட்டை அமெரிக்கப் பிள்ளைகளின் அளவு. இந்தியப் பிள்ளைகளிடம் அளந்து பார்த்தபோது, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு உண்மையான நிறையைவிடக் கூடுதலாகக் காட்டியது. நம் பிள்ளைகளும் அந்த உடல்வாகுதான். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சிறு கருவியும் தோலினூடாக ஒளியைச் செலுத்தியே அளக்கிறது. அது கறுப்பின நோயாளிகளில், ஒளிந்திருக்கும் ஒட்சிசன் குறைவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தவறவிடுகிறது என்று 2020 இல் அமெரிக்காவில் கண்டார்கள். அந்தக் கருவியின் எண்ணை அப்படியே வாங்கிக்கொள்ளும் மென்பொருளுக்கு அந்தப் பிழையும் சேர்ந்தே வந்துவிடும்.

இனி நம் ஊருக்கு வருவோம். விடியற்காலையில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று எழும்புகிறது. காய்ச்சல் இல்லை. உடம்பில் காயம் ஏதும் தெரியவில்லை. குளிர்நாட்டு நகரமொன்றின் பதிவுகளில் பழகிய இயந்திரம் குடல்வால் அழற்சி என்று சொல்லும், மலச்சிக்கல் என்று சொல்லும். ஆனால் முல்லைத்தீவிலோ மாந்தையிலோ பல வருடம் வேலை செய்த ஒரு தாதி கேட்பார்: "நேற்று இரவு பிள்ளை எங்கே படுத்தது? பாயிலா, கட்டிலிலா?" கட்டு விரியன், சில இடங்களில் கண்டங்கருவளை என்பார்கள், இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. பல்லுப்பட்ட அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். வயிற்றுவலி வரும். பிறகு கண் இமை சோர்ந்து இறங்கும். பிறகு விழுங்க முடியாது. அதன்பின் மூச்சுத் தசைகள் ஓயும். "பிள்ளைக்கு நித்திரை தூங்குது" என்று வீட்டார் நினைக்கும் அந்த இமைச் சோர்வு நித்திரை அல்ல.

இதிலேயே இன்னொரு முடிச்சும் உண்டு. பிள்ளைகளுக்கு எல்லா மருந்தும் நிறைக்கு ஏற்ப என்று மேலே சொன்னேன். பாம்பு விசத்துக்கான எதிர்மருந்து விதிவிலக்கு. பிள்ளை சின்னது என்பதற்காகப் பாம்பு விசத்தைக் குறைத்து ஏற்றுவதில்லை. ஆகவே எதிர்மருந்தும் பெரியவருக்குரிய அளவுதான். "பிள்ளை என்றால் குறை" என்று மட்டும் கற்ற இயந்திரம் இங்கே துணிந்து பிழையைச் சொல்லும். மஞ்சள் அலரி விதையைக் கடித்த பிள்ளையின் இதயத் துடிப்பு மெதுவாவதும் இப்படித்தான்: வேலியில் அலரி இல்லாத நாட்டுப் பதிவுகளில் அது இருக்காது.

மொழியும் சேர்த்தி. அவசர அழைப்பைக் காதால் கேட்டு, "இது இதய நிறுத்தம் போலிருக்கிறது" என்று எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவை டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் சோதித்தார்கள். அது டெனிஷ் மொழி அழைப்புகளில் பழகியது. நம் அம்மா தொலைபேசியில் என்ன சொல்வார்? "பிள்ளைக்கு முட்டு" என்பார், "தொய்வு கூடிவிட்டது" என்பார். தமிழ்நாட்டுத் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த இயந்திரத்துக்கு முட்டு என்றால் இடி, தொய்வு என்றால் தொங்கல். மூச்சுத் திணறல் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது?

கோப்பன்ஹேகன் கதைக்கு ஒரு வால் உண்டு. பழைய பதிவுகளில் சோதித்தபோது அந்த இயந்திரம் மனிதரைவிடக் கூடுதலான இதய நிறுத்தங்களைக் கண்டுபிடித்தது. பிறகு உண்மையான அழைப்புகளின்போது அழைப்பு எடுப்பவரின் திரையில் எச்சரிக்கையைக் காட்டிப் பார்த்தார்கள். 2021 இல் வெளிவந்த முடிவு: எச்சரிக்கை கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் இதய நிறுத்தத்தை அடையாளம் காண்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இயந்திரம் சரியாகச் சொல்வது ஒன்று. அதைக் கேட்டு மனிதர் நடப்பது இன்னொன்று.

ஏன் மனிதர் நம்புவதில்லை? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை. காய்ச்சலோடு 1,000 பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்கள் 10 பேர். ஆபத்திலிருப்பவரை நூற்றுக்கு 90 தடவை சரியாகப் பிடிக்கும், நலமாக இருப்பவரை நூற்றுக்கு 10 தடவை மட்டும் தவறாகச் சந்தேகிக்கும் நல்ல இயந்திரம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது அந்தப் பத்துப் பேரில் 9 பேரைப் பிடிக்கும். மிச்சமிருக்கும் 990 நலமான பிள்ளைகளில் 99 பேருக்கும் மணியடிக்கும். ஆக மொத்தம் 108 மணி. அவற்றில் உண்மை 9. பன்னிரண்டு தடவை ஓடிப்போனால் ஒரு தடவைதான் புலி வந்திருக்கிறது. இரவுக் கடமையில் தனியாக நிற்கும் தாதி எத்தனை நாள் ஓடுவார்? போதாததற்கு, மணியடிக்காத ஒரு பிள்ளையும் அந்தப் பத்தில் இருக்கிறது.

இது வெறும் கற்பனை அல்ல. கிருமி நஞ்சேற்றத்தை (செப்சிஸ், அதாவது கிருமித்தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) முன்கூட்டிச் சொல்வதாக அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் பொருத்தப்பட்ட ஒரு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தங்கள் மருத்துவமனையில் சோதித்து 2021 இல் வெளியிட்டார்கள். அனுமதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு அது மணியடித்தது. அப்படி இருந்தும், நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 67 பேரைத் தவறவிட்டது. அதுவும் பெரியவர்களில். பிள்ளைகளின் நஞ்சேற்றத்துக்கான புதிய அளவுகோல் 2024 இல் வந்தபோது, அதை உருவாக்கியவர்கள் அமெரிக்காவோடு நிற்காமல் பங்களாதேஷ், கென்யா, கொலம்பியா, சீனா ஆகிய நாடுகளின் பதிவுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பாடம் படிக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

சின்னம்மாவின் கைத்தொலைபேசியில் இருப்பது வேறு இனம். அது எழுத்தைப் படித்துப் பழகி, அடுத்த சொல் எது பொருந்தும் என்று கணித்து எழுதுவது. பிள்ளையைப் பார்க்காது, தொடாது, நகத்தை அழுத்தாது. மருத்துவர்களுக்கான பயிற்சியாக வெளியிடப்பட்ட 100 சிக்கலான குழந்தை நோய்க் கதைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து நியூயோர்க்கில் சோதித்தார்கள். 2024 இல் வந்த முடிவின்படி 72 இல் பிழை, 11 இல் பொத்தாம்பொதுவான விடை. அவை வேண்டுமென்றே கடினமாகத் தெரிந்தெடுத்த கதைகள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு வந்த பதிப்புகள் முன்னேறியும் இருக்கின்றன. ஆனாலும் ஆளில்லா இரவில் ஒரு தாய்க்கு ஆபத்தானது பிழையைவிட, பிழையையும் சரியையும் அது ஒரே நிதானமான குரலில் சொல்வதுதான்.

இவ்வளவு சொன்னதால் நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஆசையும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு எடுத்த எக்ஸ்ரேயை, நிபுணர் வரும்வரை, இரண்டாவது கண்ணாக ஒன்று பார்த்து "இந்த இடத்தைக் கவனியுங்கள்" என்று சொன்னால் எவ்வளவு நல்லது. பிள்ளையின் எலும்பு நுனியில் வளர்ச்சிக்கான இடைவெளி உண்டு. பெரியவர் எலும்பை மட்டும் பார்த்த கருவி அதை முறிவு என்று சொல்லக்கூடும் என்பதால், பிள்ளைகளில் பழகிய கருவியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அழுது துள்ளும் குழந்தையின் மூச்சை முழு நிமிடம் எண்ணுவது பெரும்பாடு. அதைத் தானாக எண்ணும் கருவிகள் வந்துவிட்டன. மருந்தளவில் தசமப் புள்ளி தவறினால் தடுக்க நுண்ணறிவே தேவையில்லை. பெருக்கல் தெரிந்த கணினியும் அறுந்துபோகாத மின்சாரமும் போதும். எல்லாவற்றையும்விட, நம் வைத்தியசாலைகளில் இன்று தாளில் எழுதப்படும் குறிப்புகள் ஒழுங்காகக் கணினிக்குப் போக வேண்டும், பெயரும் ஊரும் வெளியே போகாத பாதுகாப்போடு. அப்போதுதான் கட்டு விரியனும் அலரியும் இயந்திரத்தின் பாடத்தில் சேரும்.

அது வரும்வரை கையில் இருப்பது 1990 என்ற தொலைபேசி எண். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் வந்தது. கட்டணம் இல்லை. அழைத்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். நம் ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை, ஆகவே கோயில், பாடசாலை, குளக்கட்டு என்று அடையாளம் சொல்லுங்கள். வயதும் நிறையும் சொல்லுங்கள். கடைசியாக எப்போது குடித்தது, எப்போது சலம் போனது என்று சொல்லுங்கள். எதையாவது விழுங்கியிருந்தால் அந்தப் போத்தலையோ விதையையோ கொண்டுபோங்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைக்காதீர்கள். பாம்பு என்றால் அதை அடிக்கவோ பிடிக்கவோ போக வேண்டாம். தூர நின்று படமெடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் நேரத்தை வீணாக்காமல் புறப்படுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்னம்மா செயலியை அழிக்கவில்லை. அதனிடம் இப்போது கீரைச் சுண்டலுக்குக் குறிப்புக் கேட்கிறார். பேரனின் நிறையைச் சுவர் நாட்காட்டியின் ஓரத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்: 13 கிலோ. அடுத்த கிளினிக்கில் நிறுத்த பிறகு அதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதுவாராம்.